முதுகு காட்டி நிற்கும் சிறுவன்

பாலஸ்தீனத்தின் அல்-ஷஜரா கிராமத்தில் பிறந்த கேலிச்சித்திர ஓவியர் நாஜி அல்-அலி அவர்கள், 1948இல் சுமார் பத்து வயதில் அகதியாகி லெபனானின் ஐனுல் ஹில்வா முகாமில் வளர்ந்தார். அங்கே சுவர்களில் வரைந்து பழகினார். 1961இல் எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி அவருடைய சித்திரங்களைப் பத்திரிகையில் வெளியிட்டார். 1969இல், குவைத் நாளேடு ஒன்றில், ஹன்ளலா என்னும் வெறுங்கால் சிறுவனைப் படைத்தார். ஊர் திரும்பும்வரை அவனுக்கு வயது பத்துதான். 1973 முதல் நமக்கு முதுகு காட்டியே நிற்கிறான்.

இஸ்ரேலை மட்டுமல்ல, அரபுத் தலைவர்களையும், தம் மக்களின் தலைவர்களையும் நாஜி விட்டுவைக்கவில்லை. மிரட்டல்கள் வந்தும் வரைந்தார். 1987 ஜூலை 22இல் லண்டனில் சுடப்பட்டு, ஆகஸ்ட் 29இல் காலமானார்.

எதற்கும் விலை கேட்டுப் பழகிய வியாபாரிகள் நாம். விலைக்கு வராத பேனா ஒன்று இருந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.