ஒரே நாளில் பிறந்த இருவர்

நுழையும்முன்

விளையாட்டுக் களத்தில் முதலாவதாக வருபவரை உலகம் கொண்டாடுகிறது. தாம் பெற்ற வெற்றியைப் பிறரோடு பகிர்ந்துகொள்பவரை நெஞ்சில் நிறுத்துகிறது. ஒரே ஆண்டில், ஒரே திங்களில், ஒரே நாளில் பிறந்து, கணவன் மனைவியாய் இணைந்து, ஒரே நாளில் ஒலிம்பிக் பொற்பதக்கம் வென்ற இருவர் செக்கோஸ்லோவாக்கியா நாட்டில் வாழ்ந்தனர். அவ்விருவருள் ஒருவர் நெடுந்தொலைவு ஓட்டப் பயிற்சியின் முறையையே மாற்றியவர். பொன்னினும் நட்பையும் நேர்மையையும் பெரிதெனக் கருதியவர். அவரது வாழ்வை விரித்துரைக்கிறது இப்பாடம்.

பிறப்பும் இளமையும்

1922ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், மொராவியா பகுதியிலுள்ள கோப்ரிவ்னிட்சே என்னும் சிற்றூரில் எமில் சாட்டோபெக் பிறந்தார். தந்தை தச்சுத் தொழிலாளி. உடன்பிறந்தோர் பலர், வருவாயோ குறைவு. ஆகவே, உயர்கல்வி கற்கும் வாய்ப்பு எமிலுக்குக் கிட்டவில்லை. பதினாறாம் வயதில் ஸ்லின் நகரிலிருந்த பாட்டா காலணித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அதே 1922, அதே செப்டம்பர் 19. எமில் பிறந்த ஊருக்கு வெகு தொலைவில் இல்லாத கார்வினா பகுதியில் டானா என்னும் பெண்குழந்தை பிறந்தது. பின்னாளில் எமிலின் வாழ்க்கைத் துணையாகவும் ஈட்டி எறிதலில் உலகப் புகழ்பெற்ற வீராங்கனையாகவும் விளங்கியவர் அவரே. இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

விரும்பாத ஓட்டம்

எமில் பிறவியிலேயே ஓட்டத்தில் நாட்டம் கொண்டவர் அல்லர். 1941ஆம் ஆண்டு, தொழிற்சாலையின் விளையாட்டுப் பயிற்றுநர் எமில் உள்ளிட்ட நான்கு இளைஞர்களைச் சுட்டிக்காட்டி, ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொள்ளுமாறு பணித்தார். தம் உடல் வலுவற்றது என்று கூறி எமில் தப்ப முயன்றார். மருத்துவர் ஆய்ந்து பார்த்து, அவருக்கு எக்குறையும் இல்லை என்று உறுதி கூறிவிட்டார். வேறு வழியின்றி ஓடினார். நூறு பேர் பங்கேற்ற அப்போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். ஓடத் தொடங்கிய பின்னர்த்தான் வெல்ல வேண்டும் என்னும் வேட்கை அவருள் எழுந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் 2000, 3000, 5000 மீட்டர் ஓட்டங்களில் தம் நாட்டுச் சாதனைகளை முறியடித்தார். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இராணுவத்தில் சேர்ந்தார்.

பயிற்சியின் புதிய நெறி

நெடுந்தொலைவு ஓட வேண்டுமெனில் நெடுந்தொலைவு, சீரான வேகத்தில் ஓடிப் பழக வேண்டும் என்பதே அக்காலத்தில் பலரது கருத்தாக இருந்தது. எமில் வேறு வகையில் சிந்தித்தார். மெதுவாக ஓடத் தமக்கு ஏற்கெனவே தெரியும். கற்க வேண்டியது விரைவாக ஓடும் கலையையே என்பது அவரது முடிவு. ஆகவே, 400 மீட்டர் தொலைவை விரைந்து ஓடுவார். பின்னர்ச் சிறிது தொலைவு மெல்லோட்டமாய்ச் சென்று மூச்சைச் சீராக்கிக்கொள்வார். உடனே மீண்டும் 400 மீட்டர் விரைவோட்டம். இவ்வாறு ஒரே நாளில் நாற்பது முறை ஓடியதும் உண்டு. உடல் முழுமையாக ஓய்வு கொள்ளும் முன்பே மீண்டும் உழைப்பதால், களைப்பிலும் வேகம் குன்றாத ஆற்றல் வளர்ந்தது. இன்று உலகெங்கும் இடைவெளிப் பயிற்சி எனப் போற்றப்படும் முறையை இத்தகைய கடுமையுடன் கையாண்டு, அதன் பயனை உலகறியச் செய்தவர் அவர்.

மழை, பனி, இருள் எதுவும் அவரது பயிற்சியைத் தடுக்கவில்லை. கனத்த இராணுவக் காலணிகளை அணிந்து பனியிலும் ஓடினார். கனத்த காலணியோடு ஓடிப் பழகிய கால்களுக்குப் போட்டி நாளில் அணியும் மெல்லிய காலணி சுமையாகவே தோன்றாது என்பது அவரது கணக்கு.

அவர் ஓடும் காட்சி அழகானதன்று. தலை ஒருபுறம் சாயும், தோள்கள் ஏறியிறங்கும், முகமோ தாங்கொணா வலியில் துடிப்பதுபோல் சுருங்கும், மூச்சு இரைந்து ஒலிக்கும். இதனால் செக் ரயில் எஞ்சின் என்னும் பட்டப்பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. அடுத்த அடியில் விழுந்துவிடுவார் எனக் காண்போர் அஞ்சும் வேளையில்தான் அவர் மற்றவர்களை முந்திச் செல்வார்.

இலண்டன் தந்த ஏற்றம்

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. 10,000 மீட்டர் ஓட்டத்தில் உலகச் சாதனையாளராக விளங்கிய பின்லாந்து வீரர் வில்யோ ஹெய்னோ, எமிலின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் இடையிலேயே விலகினார். எமில் பொற்பதக்கம் வென்றார். 5000 மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் வெகுவாகப் பின்தங்கியிருந்தும் மின்னலென விரைந்து, பெல்ஜியம் வீரர் கஸ்தோன் ரெய்ஃபிடம் 0.2 நொடி இடைவெளியில் முதலிடத்தை இழந்து வெள்ளி பெற்றார்.

அதே ஒலிம்பிக்கில் டானா ஈட்டி எறிதலில் கலந்துகொண்டு ஏழாம் இடம் பெற்றார். அதற்கு முன்பே இருவரும் நண்பர்களாகி, ஒரே நாளில் பிறந்தவர்கள் என்பதை அறிந்து வியந்திருந்தனர். 1948 அக்டோபர் 24 அன்று அவர்களது திருமணம் நடைபெற்றது.

நண்பருக்காக நின்றவர்

நான்கு ஆண்டுகள் கடந்தன. 1952ஆம் ஆண்டு ஒலிம்பிக், பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் நடைபெறவிருந்தது. செக்கோஸ்லோவாக்கிய அணியில் ஸ்தானிஸ்லாவ் யுங்விர்த் என்னும் 1500 மீட்டர் ஓட்ட வீரரும் இருந்தார். அவருடைய தந்தை அரசியல் காரணங்களுக்காகச் சிறையில் இருந்தமையால், புறப்படும் வேளையில் அவருக்குப் பயண இசைவு மறுக்கப்பட்டது. ஆட்சியாளர்களை எதிர்த்துப் பேச எவரும் துணியாத காலம் அது.

எமில் துணிந்தார். யுங்விர்த் செல்லாவிடில் தாமும் செல்லப்போவதில்லை என்று அதிகாரிகளிடம் உறுதியாகத் தெரிவித்தார். டானா உள்ளிட்ட வீரர்களை ஏற்றிக்கொண்டு விமானம் புறப்பட்டது. எமிலின் இருக்கை வெறுமையாய் இருந்தது. ஒலிம்பிக் வாய்ப்பு மட்டுமன்றி, அவரது எதிர்காலமே பறிபோகக்கூடிய நிலை. இறுதியில் அதிகாரிகள் இறங்கி வந்தனர். இருவரும் ஹெல்சிங்கி சென்றனர். அன்று எமில் காத்துநின்ற யுங்விர்த், 1957ஆம் ஆண்டு 1500 மீட்டர் ஓட்டத்தில் உலகச் சாதனை படைத்தார்.

ஹெல்சிங்கியின் எட்டு நாள்கள்

ஜூலை 20 அன்று 10,000 மீட்டர் ஓட்டத்தில் எமில் மீண்டும் பொற்பதக்கம் வென்றார். ஜூலை 24 அன்று 5000 மீட்டர் இறுதிப் போட்டி. கடைசிச் சுற்றில் எமிலுக்கு முன்னால் மூவர் ஓடிக்கொண்டிருந்தனர்: பிரான்சின் அலன் மிமூன், ஜெர்மனியின் ஹெர்பெர்ட் ஷாட், இங்கிலாந்தின் கிறிஸ் சாட்டவே. நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்ட எமில், கடைசி வளைவில் எஞ்சிய ஆற்றலையெல்லாம் திரட்டி மூவரையும் முந்தினார். ஓடுதளத்தின் உள்விளிம்பில் கால் இடறிச் சாட்டவே விழுந்தார். எமில் 14 நிமிடம் 6.6 நொடியில் எல்லைக்கோட்டைக் கடந்தார்.

அன்று அதே அரங்கில் பெண்கள் ஈட்டி எறிதல் போட்டியும் நடைபெற்றது. கணவர் வென்ற பதக்கத்தை நற்பேறாகக் கருதிப் பெற்றுத் தம் பையில் வைத்துக்கொண்டு டானா களம் புகுந்தார். முதல் எறிதலிலேயே ஈட்டி 50.47 மீட்டர் தொலைவில் பாய்ந்தது. அது ஒலிம்பிக் சாதனையாயிற்று; இறுதிவரை எவராலும் அதனைக் கடக்க இயலவில்லை. ஒரே நாளில் பிறந்த இருவர், ஒரே நாளில் பொன் பெற்றனர்.

தமது வெற்றியே டானாவுக்கு ஊக்கமூட்டியது என்று எமில் செய்தியாளர்களிடம் வேடிக்கையாகக் கூறினார். அவ்வாறாயின் வேறொரு பெண்ணுக்கு அந்த ஊக்கத்தை அளித்து, அவர் ஐம்பது மீட்டர் எறிகிறாரா எனப் பார்க்கட்டும் என்று டானா உடனே மறுமொழி கூறினார். கணவரின் நிழலில் நில்லாமல், தம் உழைப்பால் உயர்ந்தவர் அவர் என்பதற்கு அம்மறுமொழியே சான்று.

ஜூலை 27 அன்று மாரத்தான் ஓட்டம். 42 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அத்தொலைவை எமில் அதற்குமுன் ஒருமுறையேனும் போட்டியில் ஓடியதில்லை. ஆதலால், அத்துறையில் தலைசிறந்தவராக மதிக்கப்பட்ட இங்கிலாந்து வீரர் ஜிம் பீட்டர்சைத் தொடர்ந்து ஓடினார். சில மைல்கள் கடந்ததும், தாங்கள் ஓடும் வேகம் சரியானதுதானா என அவரிடமே வினவினார். பீட்டர்ஸ், வேகம் போதவில்லை என்றார். எமிலைக் குழப்பும் நோக்கில் கூறப்பட்ட அவ்விடையை எமில் உண்மையென ஏற்று வேகத்தைக் கூட்டினார். பீட்டர்ஸ் தசைப்பிடிப்பால் இடையில் விலகினார். எமில் 2 மணி 23 நிமிடம் 3.2 நொடியில் தனியொருவராய் அரங்கினுள் நுழைந்தார். இரண்டாமவர் வந்துசேர இரண்டரை நிமிடத்துக்கு மேலாயிற்று. ஜமைக்கா நாட்டுத் தொடரோட்ட வீரர்கள் எமிலைத் தோள்மீது சுமந்து அரங்கை வலம்வந்தனர்.

5000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்று ஓட்டங்களிலும் ஒரே ஒலிம்பிக்கில் பொன் வென்றவர் எமில் ஒருவரே. இன்றுவரை அப்பெருமை வேறெவருக்கும் வாய்க்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

• எமில் சாட்டோபெக் 5000 மீட்டர் முதல் 30 கிலோமீட்டர் வரையிலான ஓட்டங்களில் 18 உலகச் சாதனைகளைப் படைத்தார்.
• 1951ஆம் ஆண்டு, ஒரு மணி நேரத்துக்குள் 20 கிலோமீட்டர் தொலைவைக் கடந்த முதல் மனிதர் ஆனார்.
• 1954ஆம் ஆண்டு பிரசெல்சு நகரில் 10,000 மீட்டர் ஓட்டத்தை 28 நிமிடம் 54.2 நொடியில் முடித்து, 29 நிமிடத்துக்குள் அத்தொலைவை ஓடிய முதல் வீரர் ஆனார்.
• டானா சாட்டோப்கோவா 1958ஆம் ஆண்டு, தம் 35ஆம் வயதில், 55.73 மீட்டர் எறிந்து உலகச் சாதனை புரிந்தார். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

தோல்வியிலும் தோழமை

1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்குச் சில வாரங்களுக்கு முன்னர் எமிலுக்குக் குடலிறக்க அறுவை மருத்துவம் நடைபெற்றிருந்தது. ஆயினும், மாரத்தான் ஓட்டத்தில் கலந்துகொண்டு ஆறாம் இடம் பெற்றார். அப்போட்டியில் வென்றவர் அலன் மிமூன். 1948, 1952 ஆகிய ஆண்டுகளில் மூன்று ஒலிம்பிக் ஓட்டங்களில் எமிலுக்கு அடுத்ததாக வந்து வெள்ளியே பெற்றவர் அவர். களைப்புற்று ஓடிவந்த எமில், எல்லைக்கோட்டருகே காத்திருந்த மிமூனே வென்றார் என்று அறிந்ததும், இராணுவ முறைப்படி வணக்கம் செலுத்தி அவரைத் தழுவிக்கொண்டார். தம் தோல்வியை மறந்து நண்பரின் வெற்றியில் மகிழ்ந்த பண்பு அது.

ஆஸ்திரேலிய வீரர் ரான் கிளார்க் உலகச் சாதனைகள் பலவற்றைப் படைத்தும், ஒலிம்பிக் பொற்பதக்கம் பெறும் பேறு வாய்க்காதவர். 1960களில் அவர் பிராகா நகருக்கு வந்தபோது எமில் அன்புடன் விருந்தோம்பினார். வழியனுப்பும் வேளையில் சிறு பொதி ஒன்றை அவரது கையில் சேர்த்தார். விமானத்தில் அதனைப் பிரித்த கிளார்க் திகைத்தார். 1952ஆம் ஆண்டு 10,000 மீட்டர் ஓட்டத்தில் எமில் வென்ற பொற்பதக்கம் அதனுள் இருந்தது.

சோதனைக் காலம்

1968ஆம் ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவில் கருத்துரிமையையும் மக்களாட்சியையும் வேண்டிச் சீர்திருத்த இயக்கம் எழுந்தது. இராணுவத்தில் கர்னல் பதவி வகித்த எமில், அதற்கு வெளிப்படையாக ஆதரவளித்தார். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டினுள் புகுந்தன. எமில் பிராகாவின் வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்குச் சென்றார். சோவியத் வீரர்களிடம் அவர்களது மொழியிலேயே பேசி, அவர்கள் செய்வது முறையன்று என எடுத்துரைத்தார்.

அதற்குரிய விலை பெரிது. இராணுவப் பதவியும் கட்சி உறுப்பினர் தகுதியும் பறிக்கப்பட்டன. உலகமே அறிந்த வீரர், நில ஆய்வுக்குத் துளையிடும் குழுவில் தொழிலாளியானார். இல்லத்தையும் டானாவையும் பிரிந்து, பணியிடத்திலேயே ஊர்தி வீட்டில் ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது. ஆட்சியின் அழுத்தம் தொடரவே, தம் முந்தைய நிலைப்பாட்டிலிருந்து பின்வாங்கும் அறிக்கையையும் 1970களின் தொடக்கத்தில் அளித்தார். அது நண்பர்கள் சிலரை வருத்தியது. ஓட்டக் களத்தில் தளராத மனிதரும் அதிகாரத்தின் நெருக்குதலால் தளர்ந்த காலம் அது. எனினும், அவர் துணிந்து நின்ற நாள்களை மக்கள் மறக்கவில்லை. பின்னர்த் தலைநகர் திரும்பி, விளையாட்டுச் செய்திகளைத் தொகுக்கும் எளிய பணியில் அமர்ந்தார். இடர்மிகுந்த அவ்வாண்டுகள் முழுவதும் டானா அவருக்குத் துணைநின்றார்.

மீண்ட பெருமை

1989ஆம் ஆண்டு ஆட்சி மாறியது. மறு ஆண்டு குடியரசுத் தலைவர் வாட்ஸ்லாவ் ஹாவெல் காலத்தில் எமில் இழந்த மதிப்பு மீண்டும் அளிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், தம் 78ஆம் வயதில் எமில் மறைந்தார். பிராகாவின் தேசிய நாடக அரங்கில் நடைபெற்ற இறுதி நிகழ்வில் பலநாட்டு வீரர்களும் கூடி அஞ்சலி செலுத்தினர். பன்னாட்டு ஒலிம்பிக் குழு அவர் மறைவுக்குப் பின் பியர் தெ குபர்த்தென் பதக்கத்தை வழங்கிச் சிறப்பித்தது. டானா மேலும் ஏறத்தாழ இருபதாண்டுகள் வாழ்ந்து, 2020 மார்ச் 13 அன்று 97ஆம் வயதில் மறைந்தார்.

பிறந்த நாள் ஒன்றாய் அமைந்தது தற்செயல். பொன் வென்ற நாள் ஒன்றாய் அமைந்தது உழைப்பின் பயன். சாதனைகள் அனைத்தும் ஒருநாள் முறியடிக்கப்படும். எமிலின் உலகச் சாதனைகளும் முறியடிக்கப்பட்டுவிட்டன. நண்பருக்காக விமானத்தைத் தவறவிட்ட துணிவும், தோற்ற வேளையில் வென்றவரைத் தழுவிய அன்பும், அரும்பாடுபட்டுப் பெற்ற பொன்னைத் தகுதியுடைய மற்றொருவருக்கு வழங்கிய பெருந்தன்மையும் அழியாமல் நிற்கின்றன.

கற்பவை கற்றபின்...

1. எமில் சாட்டோபெக் கையாண்ட பயிற்சி முறையை உங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியருடன் கலந்துரையாடிக் குறிப்பெழுதுக.
2. யுங்விர்த்துக்காக எமில் எடுத்த முடிவு சரியானதே என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. ஒரே நாளில் பிறந்த விளையாட்டு வீரர்கள் இருவரைத் தெரிவுசெய்து, அவர்தம் வாழ்வை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுக.