ஹெல்ம்ஹோல்ட்ஸ் பண்டிதர்

குச்சனூர் வயல்களில் நெல் விளைக்கும் குடியானவர்க்குக் கண் மங்கினால், தேனியில் 1985-ஆம் ஆண்டு தோன்றிய அரவிந்த் கண் மருத்துவமனை அணித்தேயுள்ளது. ஆங்கு மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்வர். இருட்டறையில் சிறு விளக்கொன்றைக் கண்ணருகே பிடித்து நோக்குவர். இக்கருவிகளைக் கண்டு அஞ்சிக் காலந்தாழ்த்துவோரும் உளர். அவ்விளக்கை உலகுக்கு அளித்தவர் சரிதத்தை அறியின் அச்சம் நீங்குமெனக் கருதி, அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஜெர்மனி தேசத்துப் பாட்ஸ்டாம் நகரில் 1821 ஆகஸ்டு 31-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர், பொருள் வளமில்லாதவர். மைந்தருக்கோ பௌதிக சாஸ்திரத்திலேயே வேட்கை. எனினும் வறுமையால், சேனை வைத்தியராக ஊழியம் புரிய உடன்பட்டு, அரசாங்க உதவியுடன் பெர்லினில் வைத்தியம் பயின்றார்.

1849-இல் கோனிக்ஸ்பர்க் சர்வகலாசாலையில் உடற்றொழில் சாஸ்திர ஆசிரியரானார். அந்நாளில் கண்ணின் பாவை வைத்தியர்க்கு அடைத்த கதவாகவே இருந்தது. உயிருள்ளார் கண்ணுள் விழித்திரையைக் கண்டு நோயறிய வழியில்லை. மாணவர்க்குப் பாடஞ்சொல்ல ஆயத்தஞ்செய்கையில், பாவை ஏன் கருமையாகத் தோன்றுகிறதென அவர் ஆராய்ந்தார். கண்ணுட் புகுந்த ஒளி வந்த வழியே மீளும்; அதைக் காண அவ்வழியில் தலையை நீட்டினாலோ, விளக்கே மறைந்துபோம். ஆதலின் கண்ணாடித் தகட்டைச் சாய்த்துவைத்துப் பக்கத்து விளக்கின் ஒளியைக் கண்ணுள் திருப்பினார். மீளும் ஒளியை அத்தகட்டினூடே நோக்கினார். விழித்திரையும் அதிலோடும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் புலனாயின! அட்டையும், மூக்குக்கண்ணாடி வில்லையும், மெல்லிய கண்ணாடித் துண்டுகளுமே அம்முதற் கருவி. 1850 டிசம்பரில் பெர்லின் பௌதிக சங்கத்தார்க்கு இதனை அறிவித்து, மறு ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

கருவிழியின் வளைவை அளக்கும் கருவியையும் அவர் செம்மையுற அமைத்தார். மோவாயைத் தாங்கியில் வைத்து நோக்கும் பிளவு விளக்கோ, ஸ்வீடன் தேசத்துக் குல்ஸ்ட்ராண்ட் 1911-இல் வெளிப்படுத்திய அமைப்பின் வழிவந்தது. இவையெல்லாம் ஒளியைச் செலுத்தி, மீண்டு வருவதைப் படிப்பனவேயன்றி, கண்ணைத் துளைப்பன அல்ல. நீரிழிவால் விழித்திரையில் நேரும் இரத்தக் கசிவு, பார்வை மங்குமுன்னரே இவற்றால் தெரியவருகிறது. தாமதித்தவர் இழப்பதோ மீளாத பார்வை.

1871-இல் பெர்லினில் பௌதிக ஆசிரியராகித் தம் இளமை விருப்பம் நிறைவேறப்பெற்ற அப்பெரியார், 1894 செப்டம்பர் 8-ஆம் தேதி காலமானார்.

மாணவ நண்பர்காள்! வறுமையால் ஏற்ற வைத்தியமும் வேட்கையால் கற்ற பௌதிகமும் அவரிடம் ஒன்றுகூடியதாலன்றோ அக்கதவு திறந்தது? விரும்பாத பாடமென எதனையும் இகழாதிருப்போமாக. விடுமுறையில் ஊர் செல்லும்போது, கண் மங்கிய முதியோரை அக்கருவிகளின் முன் அழைத்துச் சென்று அமர்த்துவோமாக.