சுள்ளியில் சொந்தம் கண்டவர்



ஓய்வு பெற்றபின் மரத்தில் ஏதாவது செய்து பழகலாமா என்ற ஆசை நம்மில் சிலருக்கு உண்டு. ஆனால் இந்த வயதில் கை வருமா, செய்து என்ன ஆகப்போகிறது என்று நாமே அதை அடக்கிவிடுகிறோம். அப்படிப்பட்டவர்கள் அவனீந்திரநாத் தாகூரின் வாழ்க்கையை, குறிப்பாக அதன் கடைசிப் பகுதியை, தெரிந்துகொள்ள வேண்டும்.

1871 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தாவின் ஜொராசங்கோவில் பிறந்தவர். கவி ரவீந்திரநாத் தாகூர் இவருக்குச் சித்தப்பா முறை. பாரத மாதா ஓவியத்தை 1905-ல் வரைந்தார். அதே ஆண்டு கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் துணை முதல்வராகச் சேர்ந்து 1915 வரை பணியாற்றினார். எதிரே ஒரு மாதிரியை வைத்து அப்படியே வரையச் சொல்லும் வாத்தியார் அல்ல. மனதில் கண்டதை வரையவிடுவார். நந்தலால் போஸ் இவரிடம் படித்தவர். நம் மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் இவரிடம் ஓவியம் கற்றவர்தான்.

1930-ல் அரேபிய இரவுக் கதைகளை வரிசையாக ஓவியங்களாக்கினார். அதற்குப் பிறகு தூரிகையைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்துவிட்டார். அப்போது வயது அறுபதை நெருங்கிவிட்டது. பெயரும் புகழும் வந்தாயிற்று, சும்மா இருந்திருக்கலாம். அவரோ கீழே கிடக்கும் சுள்ளி, வேர், மூங்கில் கணு, மரப்பட்டை, விதை ஆகியவற்றைப் பொறுக்கத் தொடங்கினார்.

ஒரு கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதில் ஏற்கெனவே ஒரு பறவையோ மிருகமோ மனிதரோ ஒளிந்திருக்கும். கொஞ்சம் வெட்டுவார், கொஞ்சம் ஒட்டுவார், அவ்வளவுதான். நிறைய செதுக்கினால் கட்டையின் இயல்பு போய்விடும் அல்லவா? இவற்றுக்கு அவர் வைத்த பெயர் குட்டும் காட்டாம். குட்டும் என்றால் வங்காளியில் உறவினர். நம் குடும்பம் என்ற சொல்லோடு வேர் ஒன்றுதான். விற்பதற்காக அவர் இவற்றைச் செய்யவில்லை.

இது பொழுதுபோகாத பணக்காரரின் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 1941-ல், தம் எழுபதாவது பிறந்தநாளன்றே சித்தப்பாவை இழந்தார். அதே ஆண்டில், பிறந்து வளர்ந்து வரைந்த வீடும் கைவிட்டுப் போயிற்று. கல்கத்தாவுக்கு வடக்கே பாராநகரில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனார். அந்த வயதில் வீடு மாறுவது எப்படி இருக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அப்போதும் கட்டைகளை அவர் விடவில்லை. 1942-ல் சித்தப்பாவின் விசுவபாரதிக்குத் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 1951 டிசம்பர் 5 அன்று, எண்பதாவது வயதில் மறைந்தார். வங்காளத்தில் இன்றும் பலர் அதே பெயரில் இந்தக் கலையைச் செய்கிறார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பல வருடம் பழகிய தூரிகையை வைத்துவிட்டு, முதுமையில் குழந்தைபோல் வேறொன்றைத் தொடங்க அவர் வெட்கப்படவில்லை.

நம் வளாகத்து மரங்களைக் கழிக்கும்போது எத்தனையோ கிளைகள் குப்பை வண்டியில் போகின்றன. அடுத்த முறை அதிலிருந்து ஒன்றை எடுத்து வையுங்கள். ஒரு சின்னக் கத்தி, உப்புத்தாள், கொஞ்சம் பசை போதும். பேரப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தக் கட்டையில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.