ஒற்றன் என்ற பழி

மூதூர்க் கரையில் நின்று கொட்டியாரக் குடாவைப் பார்ப்பவர்களுக்கு, அங்கே வந்துபோன கப்பல்களின் கதை கொஞ்சமாவது தெரிந்திருக்கும். ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் 1660ஆம் ஆண்டு கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டது இக்கரையில்தான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1672இல், பிரெஞ்சுத் தளபதி டி லா ஹே தமது கப்பற்படையோடு இதே குடாவில் நங்கூரமிட்டார். ஒல்லாந்தரை விரட்டத் துணை கிடைத்ததென்று இரண்டாம் இராஜசிங்க மன்னன் மகிழ்ந்தான். பிரெஞ்சுக்காரரின் தூதராக லனரோல் என்பவர் இங்கிருந்து மலைநாட்டுக்கு அனுப்பப்பட்டார்.

தூதருக்குப் பணிவு போதாது. அரண்மனையைக் கடக்கும்போது அவர் குதிரையை விட்டு இறங்கவில்லை. காத்திருக்கச் சொன்னதும் பொறுமையிழந்து திரும்பிவிட்டார். மன்னன் அவரைப் பிடித்து விலங்கிட்டான். அதற்குள் ஒல்லாந்தர் கப்பல்கள் வந்து குடாவை மறித்துக்கொள்ள, டி லா ஹே மயிலாப்பூரை நோக்கிப் பாய்விரித்துவிட்டார். தூதர் கண்டி நாட்டிலேயே தங்கிப்போனார். காலப்போக்கில் அரண்மனையில் அவருக்குச் செல்வாக்கும் ஏற்பட்டது.

இந்தப் பழைய கதையை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. இருபது ஆண்டுகளின் பின்னர், கோவாவிலிருந்து வந்த குருவானவர் ஒருவரைப் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று அரசனிடம் கோள் சொன்னவர் இந்த லனரோல்தான். அக்குருவானவர், 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகப் பிரகடனம் செய்த யோசேவ் வாஸ் அடிகளார்.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவில் பெனவுலிம் கிராமத்திலே, கொங்கணிப் பிராமணக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1676இல் குருவானார். ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரங்களைப் பிடித்தபின் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்திவிட்டார்கள் என்றும், இலங்கைக் கத்தோலிக்கர் பல ஆண்டுகளாகப் பூசையின்றித் தவிக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டு, 1687இல் கூலியாள் வேடத்தில் கப்பலேறி யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். வயிற்றுளைவு நோயால் சாகக்கிடந்தார். தேறியதும் கழுத்திலே செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்கள் எவர் எனப் பார்த்து, தம்முடைய மந்தையைத் தேடிப்பிடித்தார். சில்லாலையில் மறைந்திருந்து பணியாற்றினார். ஒல்லாந்தரின் கெடுபிடி மிஞ்சவே, 1690இல் கண்டியரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குப் போனார். அங்கிருந்து 1692இல் கண்டிக்குப் புறப்பட்டார்.

அவருக்கு முந்தியே அந்தக் கோள் அரண்மனையை எட்டிவிட்டது. துறைமுக ஊர்க்காரருக்கு இது எளிதில் விளங்கும். கரையில் இறங்கும் புதிய முகம் எதைப் பற்றியும் பொழுது சாய்வதற்குள் ஒரு கதை பிறந்துவிடுமல்லவா? ஆனால் லனரோல் சொன்னது வெறுங்கற்பனை என்று தள்ளிவிடக்கூடியதாக இருக்கவில்லை. அதிலேதான் அதன் நஞ்சு இருந்தது. அடிகளார் போர்த்துக்கேயர் ஆண்ட கோவாவிலிருந்து வந்தவர் என்பது உண்மை. வேடம் பூண்டு தீவுக்குள் நுழைந்தவர் என்பதும் உண்மை. இரவிலே நடமாடி, பெயர் மறைத்து, வீட்டுக்கு வீடு இரகசியமாகச் சென்றவர் என்பதும் உண்மை. போர்த்துக்கேயரோடு தன் முன்னோர் பட்ட பாட்டை அறிந்த இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் இவற்றைக் கேட்டு வேறென்ன நினைப்பான்? மன்னனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரைப்பங்கு உண்மையோடு கலந்து வரும் பழியை மறுப்பதுதான் கடினம்; முழுப்பொய்யை மறுப்பது அவ்வளவு கடினமன்று.

வேவுடைக்கு அருகே அரசனின் ஆட்கள் அடிகளாரைப் பிடித்து, கண்டியிலே காவலில் வைத்தார்கள். அவரோடு வந்த பணியாளன் யோவானும் உடனிருந்தான்.

அவர் நினைத்திருந்தால் திருப்பித் தாக்க ஆயுதம் கையிலேயே இருந்தது. குற்றஞ்சாட்டியவரும் அந்நியர்தாமே! இம்மன்னனின் தந்தையை அவமதித்து விலங்கு பூண்டவர்தாமே! யார் ஒற்றன், யார் உத்தமன் என்று ஒரு வாதத்தைத் தொடக்கியிருந்தால் கேட்கப் பலர் கூடியிருப்பார்கள். அந்தப் பாதையில் அடிகளார் போனதாக அவருடைய சரித்திரத்தில் நாம் காணவில்லை.

அதற்காக அவர் முடங்கிக் கிடக்கவும் இல்லை. காவலர்கள் தம்மைக் கண்காணிக்கிறார்கள் என்று தெரிந்தே, அவர்கள் கண்முன்னாலேயே முழங்காலிட்டு நெடுநேரம் செபித்தார். ஒற்றுவேலை பார்க்கிறாரா என்று பார்த்திருந்தவர்களுக்குக் காணக் கிடைத்தது இந்தச் செபம் ஒன்றுதான். நாளடைவில் காவல் தளர்ந்தது. கிடைத்த ஓய்வில் சிங்களமொழியைக் கற்றார். சிறைமுற்றத்தில் ஓலைக்குடிசையொன்றைக் கோயிலாக அமைத்துப் பூசை செய்தார். கண்டியிலிருந்த கத்தோலிக்கர் ஒருவர் பின் ஒருவராக அங்கே வரத்தொடங்கினர். யாழ்ப்பாணத்தில் ஒளித்துச் செய்ததை அரசனின் சிறையிலே பகிரங்கமாகச் செய்ய முடிந்தது! ஆயினும் இதைப் பெரிதுபடுத்தி இனிமையாக்கிவிடக்கூடாது. ஒருவரின் நாக்கினால் சுமார் இரண்டு ஆண்டுகள் அவர் அடைபட்டிருந்தார். அந்த ஆண்டுகளில் குருவின்றி இறந்தவர்கள் எத்தனை பேர் என்று அவர் எண்ணாமலா இருந்திருப்பார்?

பின்னர் நாட்டிலே கடும் வறட்சி உண்டானது. மன்னன் அடிகளாரையும் மழைக்காகச் செபிக்கச் சொன்னான். வெளியிடத்திலே பீடமமைத்து, சிலுவையை நாட்டி அவர் செபிக்க, பெருமழை பொழிந்ததென்றும், பீடமும் அவரும் மட்டும் நனையவில்லையென்றும் சரித்திரகாரர் எழுதியிருக்கிறார்கள். அதன்பின் நாடெங்கும் சென்று போதிக்க அவருக்கு அனுமதி கிடைத்தது.

என்னைக் கேட்டால், அவர்மீதிருந்த சந்தேகத்தை முற்றாகக் கழுவியது மழையைவிட வைசூரிதான் என்பேன். 1697இல் கண்டியில் அந்நோய் பரவியபோது, நோயாளரைக் காட்டில் விட்டுவிட்டுச் சொந்தக்காரரே ஓடினார்கள். அரசனும் நகரை விட்டு நீங்கினான். ஒற்றன் எனப்பட்டவரும் அவருடைய மருமகனான கார்வாலியோ அடிகளாரும் நகரிலேயே நின்றார்கள். நோயாளருக்குக் கஞ்சி ஊட்டினார்கள், புண்ணைக் கழுவினார்கள், கைவிடப்பட்டவர்களுக்குக் குடிசை கட்டினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். பௌத்தர், கத்தோலிக்கர் என்று பார்க்கவில்லை. படை நடத்த வழி பார்க்க வந்தவன் இப்படிப் பிணம் சுமப்பானா என்று கண்டி மக்கள் தாமாகவே தீர்ப்புச் செய்திருப்பார்கள்.

1707இல் விமலதர்மசூரியன் இறந்து நரேந்திரசிங்கன் பட்டத்துக்கு வந்த காலத்திலும் அடிகளார் கண்டியை விட்டுப் போகவில்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் இத்தீவில் உழைத்து, ஒரு முறையேனும் கோவாவுக்குத் திரும்பாமல், 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் திகதி அந்நகரிலேயே உயிர்நீத்தார். கோயிலிலே அடக்கம் செய்தார்கள். பிற்காலத்தில் அக்கோயில் அழிந்துபோயிற்று. அவருடைய கல்லறை இருந்த இடத்தை இன்றுவரை எவராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை.