ஒளியை வளைத்த அறிஞர்

அயர்லாந்து நாட்டில் ஓர் எளிய குடும்பத்தில் 1820-ஆம் ஆண்டு ஜான் டிண்டால் பிறந்தார். இளமையில் நில அளவைப் பணியில் அமர்ந்தார். அங்கு ஊழியர்க்கு நேர்ந்த முறைகேடுகளைக் கண்டித்தமையால் 1843-இல் வேலையை இழந்தார். ஆயினும் உள்ளம் தளர்ந்தாரில்லை. பின்னர் இருப்புப்பாதை அளவையில் ஈட்டிய பொருளைச் சேமித்து, இருபத்தெட்டாம் வயதில் ஜெர்மனி சென்று பயின்று, டாக்டர் பட்டம் பெற்றார்.

1853-இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியரானார். மறு ஆண்டு அவையோர் முன் ஒரு சோதனை நிகழ்த்தினார். கலத்தின் துளை வழியே நீர்த்தாரை வளைந்து வீழ்ந்தது. அதனுள் செலுத்திய ஒளி வெளியேறாமல், நீரின் விளிம்பில் மீண்டும் மீண்டும் எதிரொளித்து, நீரோடு தானும் வளைந்து சென்றது! ஜெனீவாவில் கொலாடன் இதனை முன்னரே காட்டியிருந்தார். பலரும் அறியச் செய்தவர் டிண்டாலே.

அவர் 1893-இல் மறைந்தார். 1960-களில் ஸ்னிட்சர் முதலியோர் நியோடிமியம் கலந்த கண்ணாடி இழையிலேயே லேசர் ஒளியைப் பிறப்பித்தனர். இழை குறுகினால், உள்ளே ஒளி ஒருமுறை சுற்றிவரும் நேரமும் குறையும், துடிப்புகள் பெருகும். இன்று சாண் அளவு இழை லேசர் வினாடிக்கு நூறு கோடி ஒளித்துடிப்புகளை வழங்குகின்றது. அன்று வேடிக்கையாகத் தோன்றிய நீர்த்தாரையில் இதற்கான விதை இருந்தது.