கல்லில் எழுதிய குலமுறை

ஆடித் திங்கள் அமாவாசையன்று விடியற்காலையில் குத்தாலத்துக் காவிரித் துறையில் நிற்போர் ஒரு காட்சியைக் காண்பர். நீராடிய ஈர ஆடையுடன் கரையில் அமர்ந்தோர் எள்ளும் நீரும் இறைத்துத் தம் முன்னோர்க்குரிய கடனை ஆற்றுவர். தந்தையார் பெயர், பாட்டனார் பெயர், பூட்டனார் பெயர் என மூன்று தலைமுறையின் பெயர்களைப் புரோகிதர் வினவுவார். முதற்பெயர் உடனே வரும். இரண்டாவதும் வரும். மூன்றாம் பெயரைக் கேட்டவுடன் பலர் அருகிலிருக்கும் முதியவர் முகத்தை நோக்குவர். நான்காம் தலைமுறையை எவரும் வினவுவதில்லை. வினவினால் விடை கூறத்தக்கவர் ஊருக்கு இருவர் மூவர் இருப்பின் அதுவே பெரிது.

பிறந்த நாட்டை நீங்கி வேற்று நாட்டிற் குடியேறியவர்க்கு முன்னோர் பெயர்களைக் காத்தல் இன்னும் அரிது. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்து நாட்டினர் சிலர் அமெரிக்கா சென்று, அட்சன் ஆற்றின் முகத்தில் நியூ ஆம்ஸ்டர்டாம் என்னும் ஊரை அமைத்தனர். 1664-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி நியூயார்க்கு எனப் பெயர் மாற்றினர். கொடி மாறியது, சில தலைமுறைகளில் அக்குடிகளின் மொழியும் மாறியது. ஆயினும் அவர்தம் திருச்சபையார் 1639 முதல் எழுதிவந்த ஞானமுழுக்குப் பதிவேடு அழியாமல் நின்றது. அவர் வழித்தோன்றல்கள் இன்றும் அவ்வேட்டில் தம் முன்னோரைத் தேடிக் காண்கின்றனர். அமெரிக்கக் குடியரசின் தலைவராய் விளங்கிய பிராங்க்ளின் ரூசுவெல்ட் அக்குடியேறிகளின் மரபில் வந்தவர். 1933-ஆம் ஆண்டில் பதவி ஏற்றபோது அவர் கைவைத்து உறுதி கூறிய வேதநூல், 1686-இல் ஒல்லாந்து மொழியில் அச்சாகித் தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த படியேயாகும்.

அதே ஒல்லாந்தர் நம் சோழநாட்டுக் கடற்கரைக்கும் வந்தனர். 1658-இல் அவர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர். சில ஆண்டுகளுக்குப்பின் தஞ்சை நாயக்கர் ஆட்சி வீழ்ந்து, மராட்டிய வீரர் ஏகோஜி தஞ்சை அரியணையில் அமர்ந்தார். இவர் சத்திரபதி சிவாஜிக்குத் தாய் வேறான தம்பியார். நாகப்பட்டினத்தில் ஒல்லாந்தர்க்குரிய உரிமைகளை ஏகோஜி 1676-ஆம் ஆண்டில் வெள்ளித் தகட்டில் பொறித்து அளித்தார். அப்பட்டயத்தின் மொழி தமிழ். கொடுத்தவரும் இம்மண்ணுக்குப் புதியவர், பெற்றவரும் புதியவர். எழுத்து மட்டுமே இந்நாட்டுக்கு உரியது. பின்னர் 1781-இல் ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயரிடம் இழந்தனர். நாகையிலும் பழவேற்காட்டிலும் அவர்தம் கல்லறைகளின்மேற் பெயர் பொறித்த கற்களே எஞ்சின. மராட்டியரோ இங்கேயே தங்கிக் காவிரிநாட்டைத் தம் நாடாகக் கொண்டனர். அவர்களுள் ஒருவர் தம் முன்னோர் வரலாறு முழுவதையும் கல்லில் ஏற்றினார். அவரே இரண்டாம் சரபோஜி மன்னர்.

சரபோஜி 1777-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் போசல குலத்தின் கிளைக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். அப்போது தஞ்சையை ஆண்டவர் இரண்டாம் துளஜாஜி. நோயால் நலிந்து மகப்பேறின்றி இருந்த அம்மன்னர் 1787-இல், தம் இறுதி நாட்களில், தாயாதி மரபினராகிய இச்சிறுவரைத் தத்து எடுத்துக்கொண்டார். சிறுவரைக் காக்கும் பொறுப்பை யாரிடம் ஒப்புவிப்பது? அரண்மனையில் அவர் நம்பத்தக்கவர் சிலரே. ஆகவே செருமானிய நாட்டினரான சுவார்ட்ஸ் பாதிரியாரை அழைத்தார்.

சுவார்ட்ஸ் 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். தமிழும் மராட்டியும் பாரசீகமும் கற்றவர். பகைவரும் அவர் சொல்லை நம்பினர். அவர் மன்னர் வேண்டிய ஆட்சிப் பொறுப்பை ஏற்க மறுத்து, மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் அதனை அளிக்குமாறு கூறினார். அவ்வாறே நடந்தது. நல்லெண்ணத்தோடு கூறிய அந்த யோசனையே சிறுவர்க்குத் தீங்காய் முடிந்தது.

துளஜாஜி இறந்தபின் அமர்சிங் காவலராக இருப்பதோடு அமையவில்லை. அரசுரிமை தமக்கே வேண்டும் என்றார். ஆங்கிலக் கும்பினியார் தஞ்சையிற் பண்டிதர்களைக் கூட்டி, தத்துச் செல்லுமா செல்லாதா என்று கேட்டனர். சிறுவர் தம் தந்தைக்கு ஒரே மகன் என்றும், தத்து எடுத்தற்குரிய வயதைக் கடந்தவர் என்றும் காரணம் காட்டி, அது செல்லாது என அப்பண்டிதர்கள் விடை பகர்ந்தனர். அமர்சிங் மன்னரானார்.

அச்சிறுவரின் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தத்துப் போன பிள்ளைக்குப் பிறந்த குடியின் உரிமை அற்றுப்போகும். அக்குடியின் முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்றும் உரிமையும் புகுந்த குடிக்கே சென்றுவிடும். புகுந்த குடியோ இவர் எம்மவர் அல்லர் என்று தீர்ப்புக் கூறிவிட்டது. பத்து வயதில், அரண்மனைக்குள்ளேயே, யாருடைய மகன் என்ற வினாவுக்கு விடையில்லாதவராக அவர் நின்றார்.

அமர்சிங் சிறுவரை அடைத்து வைத்தார். கல்வி பெறவும் விடவில்லை. சுவார்ட்ஸ் கும்பினியாருக்குப் பலமுறை எழுதி முறையிட்டார். அதன் பயனாக 1793-இல் சரபோஜியும் துளஜாஜியின் மனைவியரும் காவலுடன் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். அங்கே ஆங்கிலமும் பிற கலைகளும் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. சுவார்ட்ஸின் நண்பரான கெரிக்கே பாதிரியார் அவருக்குத் துணைநின்றார்.

இதற்கிடையில் தத்தைப் பற்றிய வழக்கு மீண்டும் ஆராயப்பட்டது. இம்முறை வடநாட்டுப் பண்டிதர்களின் கருத்தும் பெறப்பட்டது; தத்துச் செல்லும் என்று அவர்கள் கூறினர். ஒரே மகனைக் கொடுத்தல் ஆகாது என்பாரும், கொடுத்தபின் அது செல்லும் என்பாரும் சாத்திரம் வல்லாருள் என்றும் உண்டு. சாத்திரம் ஒன்றே, கேட்பவர் மாறியபோது விடையும் மாறியது. 1798-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் சரபோஜி அரியணை ஏறினார். பதவி இழந்த அமர்சிங் குத்தாலத்திற்கு மேற்கே காவிரிக் கரையில் உள்ள திருவிடைமருதூரில் குடியமர்ந்து, இசைவாணரையும் புலவரையும் ஆதரித்து எஞ்சிய நாளைக் கழித்தார். அவரைக் கொடியவர் என்று மட்டும் கூறிவிடுதல் முறையன்று. திருவிடைமருதூரில் இசை வளர்ந்ததற்கு அவரும் காரணமானவர்.

அரியணை கிடைத்தது, அரசு கிடைக்கவில்லை. கும்பினியார் அறத்தின் பொருட்டு மட்டுமே இவ்வழக்கிற் புகுந்தார் என்று சொல்லுதற்கு இல்லை. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் ஏற்பட்ட உடன்படிக்கையால் தஞ்சை இராச்சியத்தின் ஆட்சி முழுவதும் அவர்கள் கைக்குச் சென்றது. சரபோஜிக்குத் தஞ்சைக் கோட்டையும் அதனைச் சூழ்ந்த சிறு பகுதியும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நாட்டு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் எஞ்சின. குத்தாலத்து வயல்களுக்கு வரி தண்டும் உரிமையும் அவரிடம் இல்லை. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

போர் செய்யப் படையில்லை, ஆள நாடில்லை. இந்நிலையில் அம்மன்னர் மேற்கொண்ட செயல்களுள் ஒன்று நம் கருத்தைக் கவர்வது. போசல குலத்தின் வரலாற்றைத் திரட்டி எழுதுமாறு தம் அரண்மனை எழுத்தராகிய பாபுராயருக்கு ஆணையிட்டார். மாலோஜி, அவர் மகன் சகஜி, சகஜியின் மக்கள் சிவாஜியும் ஏகோஜியும், ஏகோஜிக்குப்பின் தஞ்சையை ஆண்டோர் எனத் தலைமுறை தலைமுறையாக அவ்வரலாறு அமைந்தது. மராட்டி மொழியில், தேவநாகரி எழுத்தில், 1803-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் தென்மேற்குப் பகுதிச் சுவரில் அதனைப் பொறிக்கச் செய்தார். உலகின் மிக நீண்ட கல்வெட்டுகளுள் ஒன்றாக இதனை அறிஞர் எண்ணுவர்.

இடத்தை அவர் தேர்ந்தது கருதத்தக்கது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் முதலாம் இராசராச சோழர் தாம் கொடுத்தவற்றையும் தம்மைச் சார்ந்தோர் கொடுத்தவற்றையும் அக்கோயிலின் கற்களில் வெட்டுவித்தார். சோழர் மரபு மறைந்தது, கல் நின்றது. தாளில் எழுதிய தீர்ப்பு ஒன்று தம்மைக் குலத்தினின்று நீக்கியதையும், மற்றொரு தாள் தம்மைச் சேர்த்ததையும் கண்டவர் சரபோஜி. அவர் கல்லை நாடியதில் வியப்பில்லை. மாலோஜிக்கு முற்பட்ட முன்னோரைப் பற்றி அக்கல்வெட்டுக் கூறுவனவற்றை வரலாற்றாசிரியர் முழுதும் ஏற்பதில்லை. எந்தக் குலமுறையும் மேலே செல்லச் செல்லக் கதையோடு கலப்பது இயல்பே. கீழே வரவர அது வரலாறாகின்றது.

குலத்தைக் கல்லில் எழுதியவர் அறிவைச் சுவடிகளில் தேடினார். நாயக்கர் காலத்தில் தோன்றிய அரண்மனைச் சுவடிச் சாலை இவரால் பெருகி வளர்ந்தது. வடமொழி, தமிழ், தெலுங்கு, மராட்டி முதலிய மொழிகளின் சுவடிகளோடு, ஐரோப்பிய மொழிகளில் அச்சான நூல்களையும் வரவழைத்துப் படித்தார். பலவற்றில் தம் கையெழுத்தையும் இட்டார். அதுவே தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையம். தன்வந்திரி மகால் என்ற மருத்துவச் சாலையை நிறுவி, நம் நாட்டு மருந்துகளையும் ஐரோப்பிய மருத்துவத்தையும் ஒருங்கே ஆராயச் செய்தார். கண்ணோய் கொண்டவர்களின் கண்களை ஓவியமாகத் தீட்டி, நோயின் குறிகளையும் செய்த மருத்துவத்தையும் எழுதிவைத்த குறிப்பேடுகள் இன்றும் உள்ளன. நவவித்தியா கலாநிதி சாலை என்னும் பள்ளியும் அச்சுக்கூடமும் கண்டார். தம் காதலுக்குரிய முத்தாம்பாள் பெயரால் ஒரத்தநாட்டிற் சத்திரம் எழுப்பி, வழிப்போக்கர்க்கு உணவும் சிறுவர்க்குக் கல்வியும் கிடைக்கச் செய்தார்.

தமிழ்ப் புலவரும் அவரைத் தம்மவராகவே கொண்டனர். கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சிக்கு இவரே பாட்டுடைத் தலைவர். மராட்டியக் குலமுறை பொறித்த அதே பெரிய கோயிலில் அத்தமிழ் நாடகம் ஆடப்பெற்றது. மலையிலிருந்து வந்த குறத்தி குறி சொல்லும் நாடகத்தில், மராட்டிய நாட்டிலிருந்து வந்த குலத்தவர் ஒருவர் தமிழ்த் தலைவராய் நிற்பதை நம் முன்னோர் இயல்பாகவே ஏற்றனர்.

தம்மை வளர்த்த பாதிரியாரை அவர் மறக்கவில்லை. சரபோஜி அரியணை ஏறுதற்கு நான்கு திங்கள் முன்னரே, 1798 பிப்ரவரியில், சுவார்ட்ஸ் இறந்தார். அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் அமைக்க விரும்பிய மன்னர், இங்கிலாந்தில் புகழ்பெற்ற சிற்பி பிளாக்ஸ்மனிடம் பளிங்குச் சிற்பம் ஒன்றைச் செய்வித்து வரவழைத்தார். இறக்கும் தறுவாயில் கிடக்கும் முதியவரின் கையைச் சரபோஜி பற்றி நிற்பதாக அமைந்த அச்சிற்பம், தஞ்சைச் சிவகங்கைக் கோட்டையில் உள்ள தேவாலயத்தில் இருக்கின்றது. கல்லறைக்கு ஆங்கிலப் பாட்டு ஒன்றும் மன்னரே இயற்றினார். சரபோஜி சைவ நெறியையும் முன்னோர் ஒழுக்கத்தையும் விடாதவர். பாதிரியாரைத் தந்தை நிலையில் வைத்துப் போற்றியதற்கு அது தடையாகவில்லை. பெற்ற தந்தை ஒருவர், தத்து எடுத்த தந்தை ஒருவர், வளர்த்த தந்தை ஒருவர் என மூவரை உடையவராக இருந்தும், அவர் கல்லில் எழுதியது ஒரு குலத்தை மட்டுமே. மற்றொருவருக்குப் பளிங்கு கிடைத்தது. பெற்றவருக்கு எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை. தத்து முறையின் கடுமை அத்தகையது.

1820-ஆம் ஆண்டில் சரபோஜி ஏறத்தாழ 3,000 பேர் சூழக் காசி யாத்திரை புறப்பட்டார். இருப்புப்பாதை இல்லாத காலம் அது. பிரயாகை, காசி, கயை ஆகிய மூன்று தலங்களையும் வழிபட்டார். செல்லும் வழியெங்கும் சுவடிகளைத் தேடித் தொகுத்தார். கயை, முன்னோர்க்குக் கடன் ஆற்றுதற்குரிய தலங்களுள் தலையாயது. அங்கே குலத்தின் மைந்தர் தம் முன்னோரைப் பெயர் கூறி அழைத்துப் பிண்டம் இடுவர். அப்பெயர்களைக் கூறும் உரிமை உமக்கு இல்லை என்று பத்து வயதிற் கேட்டவர், தம் நாற்பத்து நான்காம் அகவையை ஒட்டி அங்கே சென்றார்.

1832-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7-ஆம் நாள் சரபோஜி இறந்தார். அவர் மகன் சிவாஜி பட்டம் பெற்றார். தத்துப் பிள்ளையல்லர், பெற்ற பிள்ளை. அவருடைய உரிமையை எவரும் ஐயுறவில்லை. ஆயினும் சிவாஜி 1855-இல் ஆண் மகவின்றி இறந்தபோது, கும்பினியார் தஞ்சை அரசு முடிந்தது என்று அறிவித்துவிட்டனர். அரண்மனைப் பொருள்களையும் கைப்பற்றினர். அரசியார் காமாட்சிபாய் வழக்காடினார். வழக்கு இங்கிலாந்து வரை சென்று 1859-இல் அவருக்கு எதிராக முடிந்தது. பின்னர் 1862-இல் அரசாங்கமே இரங்கிச் சொத்துகளை அரச குடும்பத்தாரிடம் திருப்பி அளித்தது. சுவடிகள் சிதறவில்லை. 1918-இல் சரசுவதி மகால் பொது நூல்நிலையமாயிற்று.

குத்தாலத்தில் புகைவண்டி ஏறிக் கும்பகோணம் வழியாகத் தஞ்சை சென்று இறங்குவோர் பெரிய கோயிலுக்கு நடந்தே செல்லலாம். விமானத்தை அண்ணாந்து பார்த்துத் திரும்புவோரே மிகுதி. தென்மேற்குச் சுவரை நாடிச் சென்றால், நெருக்கமாகப் பொறித்த நாகரி எழுத்துகள் வரிவரியாய் நீண்டு செல்வதைக் காணலாம். வீட்டில் மராட்டியும் வெளியில் தமிழும் பேசும் குடும்பத்தார் இன்றும் தஞ்சைப் பக்கத்தில் உள்ளனர். அச்சுவரில் 1803-ஆம் ஆண்டுக்குப் பின் ஒரு வரியும் இல்லை.