சில பற்களை வைத்தே டைனோசரை அடையாளம் கண்ட டாக்டர்... யார் இந்த கிடியன் மாண்டெல்?

மியூசியத்தில் டைனோசர் எலும்புக்கூட்டைப் பார்த்தால் பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். மண்ணுக்குள் கிடைத்த உடைஞ்ச எலும்பையும் பல்லையும் வைத்து, இது இந்த விலங்குதான்னு எப்படிச் சொல்றாங்க? 200 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர்தான் இங்கிலாந்து டாக்டர் கிடியன் மாண்டெல்.

குவாரிக்குப் போன டாக்டர்

1790-ல் சசெக்ஸ் பகுதியின் லூயிஸ் என்ற ஊரில் பிறந்தவர் மாண்டெல். அப்பா செருப்பு தைக்கும் தொழிலாளி. மகன் படித்து டாக்டரானார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, மீதி நேரமெல்லாம் கல்குவாரிதான்.

1820-களின் தொடக்கத்தில் குக்ஃபீல்டு அருகே இருந்த குவாரியிலிருந்து சில பெரிய பற்கள் அவர் கைக்கு வந்தன. அவற்றை முதலில் கண்டெடுத்தது மனைவி மேரி ஆன் என்ற கதை ரொம்பப் பிரபலம். ஆனால் அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

பல்லில் என்ன புதிர்?

பற்களின் முனை தேய்ந்து மழுங்கி இருந்தது. இலை தழையை அரைத்துத் தின்னும் விலங்குக்குத்தான் பல் இப்படித் தேயும். ஆனால் பற்கள் கிடைத்த பாறையோ மிகப் பழையது. அவ்வளவு பழைய பாறையில் பெரிய பாலூட்டி எதுவும் கிடைத்ததில்லை. அப்போ இது தாவரம் தின்னும் ராட்சத ஊர்வனவா? அப்படி ஒன்று இருந்ததாக அன்று யாருக்குமே தெரியாது.

லண்டன் அறிஞர்கள் நம்பவில்லை. மீனின் பல்லாக இருக்கலாம், இல்லையென்றால் பிற்காலப் பாலூட்டியின் பல்லாக இருக்கலாம் என்று ஒதுக்கினார்கள். எலும்பு ஆய்வில் உச்சத்தில் இருந்த பிரான்ஸின் குவியேவும், முதலில் இதை காண்டாமிருகத்தின் பல் என்றார். கூடுதல் பற்களைப் பார்த்த பிறகுதான், புதிய ஊர்வனவாக இருக்கலாம் என்று இறங்கி வந்தார்.

விடை கிடைத்த இடம்

லண்டன் அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் கல்லூரியின் மியூசியத்தில்தான் முடிச்சு அவிழ்ந்தது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஸ்டச்பரி, இகுவானா எனும் பெரிய ஓணான் வகையின் பற்களோடு ஒப்பிட்டுக் காட்டினார். வடிவம் ஒத்துப்போனது, அளவு மட்டும் பல மடங்கு பெரிது. 1825-ல் அந்த விலங்குக்கு இகுவானோடான் என்று பெயர் வைத்தார் மாண்டெல். இகுவானா பல் என்று பொருள்.

மூக்கில் வைத்த கொம்பு

மாண்டெலும் தப்பு செய்தார். கொம்பு போன்ற ஒரு கூரான எலும்பை, காண்டாமிருகம் போல மூக்கின் மேல் வைத்து வரைந்தார். 1878-ல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 30-க்கும் மேற்பட்ட இகுவானோடான்கள் கிடைத்த பிறகே உண்மை தெரிந்தது. அது கொம்பே இல்லை, கட்டைவிரல்!

கொடுத்த விலை

இந்தத் தேடலுக்கு மாண்டெல் கொடுத்த விலை பெரிது. பிரைட்டனில் வீட்டையே மியூசியமாக்கினார். மருத்துவத் தொழில் படுத்தது. 1838-ல் மொத்தச் சேகரிப்பையும் 4,000 பவுண்டுக்கு பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்க வேண்டிய நிலை. அடுத்த ஆண்டு மனைவி பிரிந்து போனார். 1841-ல் குதிரை வண்டி விபத்து. அதன் பிறகு தீராத முதுகுவலி.

1842-ல் ரிச்சர்ட் ஓவன், இகுவானோடான், ஹைலியோசாரஸ், மெகலோசாரஸ் மூன்றையும் ஒரே குழுவில் சேர்த்து டைனோசர் என்ற பெயரைக் கொடுத்தார். இடுப்புப் பகுதி முதுகெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தது அவர் காட்டிய முக்கிய அடையாளம். மூன்றில் இரண்டை உலகுக்குச் சொன்னவர் மாண்டெல். ஆனால் பேரும் புகழும் ஓவனுக்குத்தான் போனது.

வலிக்காக ஓபியம் எடுத்துவந்த மாண்டெல், 1852 நவம்பரில் அது அளவுக்கு மீறியதால் இறந்தார். வளைந்துபோன அவரது முதுகெலும்பு மியூசியத்தில் வைக்கப்பட்டது. எந்த மியூசியம் தெரியுமா? இகுவானா பல்லை ஒப்பிட்டுப் பார்த்த அதே மியூசியம்தான்.

இன்றைக்கும் அதே வழிதான்

இப்போது ஸ்கேன் வசதி எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. எந்தப் பாறையில் கிடைத்தது, பல் எப்படித் தேய்ந்திருக்கிறது, தெரிந்த விலங்குகளில் எதோடு ஒத்துப்போகிறது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். புது எலும்பு கிடைத்தால் பழைய முடிவைத் திருத்துகிறார்கள். முன்பு இகுவானோடான் என்றே நினைத்த ஒரு இனம் தனி வகை என்று 2007-ல் பிரிக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர், மாண்டெல்லிசாரஸ்.